வாங்குவதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்: வேலூர் மாணவி ஒருவரின் முதல் ஏர் பிஸ்டல் குறித்த நிகழ்வு ஆய்வு

காட்பாடிப் பக்கம் நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறிய 10 மீட்டர் சுடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இந்த ஆண்டின் தொடக்கத்தில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் அங்கே சேர்ந்தார். மன்றத்தில் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கும், நெம்புகோலை இழுத்துக் காற்றடைக்கும் பழைய பிஸ்டலில் ஐந்து வாரம் அவர் பழகிய பிறகு, சொந்தமாக ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று அவருடைய தந்தை என்னிடம் வந்தார். அன்று தொடங்கி, அவர்கள் பணத்தைக் கொடுத்து ஒரு பிஸ்டலைக் கையில் வாங்கிய நாள் வரையில் நாங்கள் எதை எந்த வரிசையில் செய்து பார்த்தோம், அவற்றில் எது பயன்பட்டது, எது என்னைத் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லப் பார்த்தது என்பதை, எங்களைப் போன்ற சிறிய ஊர்களில் புதியவர்களுக்கு உதவும் பிற பயிற்றுநர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

பின்னணி

தந்தை கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு வீடு படையில் ஆள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே சுற்றுவட்டாரத்தில் சொல்லப்படும் ஊர் அது. அவரும் 22 ஆண்டு பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஆயுதத்தைக் கையாளும் ஒழுங்கு அவரிடம் இயல்பாகவே இருந்தது. மகள் கையிலிருந்த மன்றத்துப் பிஸ்டலை வாங்கிப் பார்க்கும்போதுகூட, குழல் இலக்கின் பக்கம் திரும்பியிருக்கிறதா, குழலின் பின்னறையில் பெல்லட் (சுடும் ஈயக் குண்டு) இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையை நீட்டினார். ஓய்வுப் பலனிலிருந்து ஒன்றரை லட்சம் ரூபாயை இதற்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். அந்தக் குடும்பத்துக்கு அது இரண்டாவது முறை எடுத்து வைக்கக்கூடிய தொகை அல்ல.

“சார், சின்னதா ஒண்ணு வாங்கிக் குடுத்தா ஆறு மாசத்துல பத்தாம போயிடும். ஒரேடியா பெரிய ஆளுங்க வச்சிருக்கறதையே வாங்கிடலாம். கை தானா பழகிக்கும்” என்பது அவருடைய கருத்து. படையில் ஒரே வகைத் துப்பாக்கி எல்லாருக்கும் வழங்கப்படுகிறது. ஆள் தன்னை அதற்குப் பழக்கிக்கொள்கிறார். 22 ஆண்டு அந்த முறையில் வாழ்ந்தவர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் இலக்குச் சுடுதலுக்கான பிஸ்டல் அதற்கு நேர்மாறானது. அதில் கைப்பிடியின் அளவு, உள்ளங்கையைத் தாங்கும் பலகையின் உயரம், விசையின் (டிரிக்கர்) தூரம், பின்சைட்டின் (குறிபார்க்கும் பின் தகட்டின்) பிளவு என ஏறத்தாழ எல்லாமே சுடுபவரின் உடலுக்கு ஏற்ப மாற்றப்பட வேண்டியவை. ஒற்றைக் கையில், எந்தத் தாங்கலும் இல்லாமல், ஏறத்தாழ ஒரு கிலோ எடையை அறுபது முறை தூக்கி இறக்க வேண்டிய விளையாட்டில், கையோடு பொருந்தாத ஒவ்வொரு மில்லிமீட்டரும் இலக்கு அட்டையில் தெரியும்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு என்னுடைய பழைய தவறு ஒன்றும் காரணம். சில ஆண்டுகளுக்கு முன், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறுவனுக்கு என்னுடைய பிஸ்டலையே பழகக் கொடுத்தேன். முதல் நாளே நன்றாகச் சுட்டான் என்பதால், அதே மாதிரியை, அதே கைப்பிடி அளவில் வாங்கச் சொல்லிவிட்டேன். அவனுடைய கை என் கையில் முக்கால் அளவுகூட இல்லை. பிடி நழுவாமல் இருக்கக் கட்டைவிரலால் இறுக்கிப் பழகினான். சில மாதங்களில் மணிக்கட்டு வலியோடு வந்து நின்றான். அந்தப் பிஸ்டலை நட்டத்துக்கு விற்றார்கள். பையன் திரும்ப வரவில்லை. அந்தப் பெற்றோருக்கு நான் சொன்ன ஆலோசனை, பத்தே பத்து ஷாட்டுகளைப் பார்த்துச் சொன்ன ஆலோசனை.

சட்டத்தின் நிலை

தந்தைக்கு .22 பிஸ்டல் (0.22 அங்குலத் துளை கொண்ட, வெடிமருந்துத் தோட்டா சுடும் பிஸ்டல்) மீது ஓர் ஆசை இருந்தது. வெடிமருந்து வாசனை இல்லாத துப்பாக்கியை அவரால் முழுத் துப்பாக்கியாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்கான பதில் எளிது. .22 என்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றே வைத்திருக்க வேண்டிய சுடுகலன். உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாணவிக்கு 19. மாறாக, 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட காற்றுத்துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டலின் ஆற்றல் அந்த வரம்பில் பாதியைக்கூட எட்டாது. உரிமம் தேவையில்லை என்பதால் அது விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது என்பதையும், வீட்டில் பூட்டி வைப்பது, பெட்டியில் வைத்தே எடுத்துச் செல்வது, குழலுக்குள் பாதுகாப்புக் கொடி (குழல் காலி என்று காட்டும் வண்ண இழை) இல்லாமல் மேசைமேல் வைக்காமல் இருப்பது ஆகியவை வாங்கும் முடிவின் ஒரு பகுதி என்பதையும் இருவரிடமும் முதலிலேயே பேசிவிட்டேன்.

கையும் கண்ணும்

எந்தப் பிஸ்டலையும் எடுப்பதற்கு முன் மாணவியின் கையை அளந்தோம். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை ஒரு அளவு. உள்ளங்கையின் அகலம் ஒரு அளவு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள குழியிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை ஒரு அளவு. மூன்றாவது அளவையே நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். விசையின் மேல் விரலின் எந்தப் பகுதி விழும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. விரல் எட்டாமல் நுனியால் தொடுபவர், வலக்கைக்காரராக இருந்தால், விசையை நேராகப் பின்னோக்கி இழுப்பதற்குப் பதிலாக இடப்புறமாகத் தள்ளுவார். மாணவியின் விரல்கள் மெலிந்து நீண்டவை. ஆனால் உள்ளங்கை குறுகியது. கைப்பிடி அட்டவணைகள் மொத்த நீளத்தை மட்டும் பார்த்து அவருக்கு எம் (நடுத்தர) அளவைச் சொல்லும். உள்ளங்கை அகலத்தைப் பார்த்தால் எஸ் (சிறியது). இந்த முரண்பாட்டை அப்போதே குறித்து வைத்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே திறவுகோலாக அமைந்தது.

கண்ணில் இன்னொரு செய்தி கிடைத்தது. இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிச் சிறு முக்கோண இடைவெளி செய்து, அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்த்துக்கொண்டே கைகளை முகத்தை நோக்கி இழுக்கச் சொன்னபோது, அவை இடக்கண்ணுக்குப் போயின. வலக்கைக்காரர், ஆனால் மேலோங்கிய கண் இடது. ஐந்து வாரமாக அவர் இடக்கண்ணை இறுக மூடியே சுட்டிருக்கிறார். முகத் தசை இழுபடுவதால் வலக்கண்ணும் விரைவில் களைத்துவிடும். இதற்காகப் பிஸ்டலையோ கையையோ மாற்ற வேண்டியதில்லை. ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியிலிருந்து 30 மில்லிமீட்டர் அகலத்துக்குள் ஒரு துண்டு வெட்டி, மூக்குக்கண்ணாடியின் இடப்பக்கம் ஒட்டினோம். போட்டி விதி அனுமதிக்கும் உச்ச அகலம் அதுவே. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுடத் தொடங்கிய அன்றே, “சார், கன்னம் வலிக்கல” என்றார். பிஸ்டல்களை ஒப்பிடும் முன் இதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால், கண்ணின் களைப்பை நாங்கள் துப்பாக்கியின் குறையாகக் கணக்கில் எழுதியிருப்போம்.

முதல் ஞாயிறு: பெல்லட் இல்லாத நாள்

மன்றத்து உறுப்பினர்களிடமிருந்து மூன்று பிஸ்டல்களைக் கேட்டு வாங்கினேன். முதலாவது, எம் அளவு மரக் கைப்பிடி கொண்ட ஸ்டெயர் எல்.பி.10. இரண்டாவது, மின்விசை கொண்ட மொரினி சி.எம்.162 இ.ஐ.; ராணிப்பேட்டையிலிருந்து வரும் மூத்த உறுப்பினர் ஒருவருடையது. மூன்றாவது, மற்ற இரண்டையும்விட விலையும் எடையும் குறைந்த ஹேமர்லி ஏ.பி.20, எஸ் அளவுக் கைப்பிடி. அதன் உரிமையாளர் வெளிநாடு போகவிருந்ததால், அது விலைக்கும் கிடைப்பதாக இருந்தது. மூன்றின் விசையையும் 500 கிராம் எடைக்கல்லைத் தூக்கிச் சோதித்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். ஏர் பிஸ்டலுக்கு விதி வைத்திருக்கும் குறைந்த அளவு அது. விசையின் எடை வேறுபட்டால் புதியவர் இலேசான விசையையே ‘நல்ல பிஸ்டல்’ என்று சொல்வார். ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும்.

அன்று ஒரு பெல்லட்கூடச் சுடவில்லை. தந்தைக்கு அது ஏமாற்றம்தான். செய்தது இதுதான்: மாணவி பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, கையை இலக்கின் உயரத்துக்குத் தூக்கி, நான்கு மூச்சு நேரம் அங்கேயே நிறுத்தி, கண்ணைத் திறக்க வேண்டும். திறந்த கணத்தில் முன்சைட் (குழல் முனையிலுள்ள குறிமுனை) பின்சைட்டின் பிளவுக்குள் எங்கே நிற்கிறது என்பதை, எதையும் திருத்தாமல், அப்படியே சொல்ல வேண்டும். ஒரு பிஸ்டலுக்கு இருபது முறை. ஸ்டெயரில் இருபதில் பதினேழு முறை முன்சைட் இடப்புறச் சுவரோடு ஒட்டி நின்றது. ஹேமர்லியில் பதினான்கு முறை நடுவில் நின்றது. மீதி ஆறும் ஒரே பக்கமாக இல்லாமல் சிதறின. சிதறல் பழக்கத்தால் போகும். ஒரே பக்கம் சாய்வது கைப்பிடியின் செய்தி.

பிறகு கைப்பிடிகளின் மேல் முகப்பவுடரைத் தடவி, ஈரத்துணியால் துடைத்த கையால் பிடிக்கச் சொன்னோம். வீட்டில் யாரும் செய்யக்கூடிய சோதனை இது. ஸ்டெயரின் கைப்பிடியைப் பிடித்து எடுத்த உள்ளங்கையில் இரண்டே இடத்தில் வெள்ளை ஒட்டியிருந்தது: கட்டைவிரல் குழியில் ஒன்று, நடுவிரலின் நடுக்கணுவில் ஒன்று. சுண்டுவிரல் பக்கம் முழுவதும் சுத்தமாக இருந்தது. அதாவது அங்கே கைக்கும் மரத்துக்கும் இடையே வெறும் காற்று. உள்ளங்கைத் தாங்கிப் பலகையை மேலே ஏற்றிப் பார்த்தோம்; விசையை அதன் தண்டவாளத்தில் கடைசி வரை பின்னுக்கு நகர்த்தினோம். இடைவெளி குறைந்தது, மறையவில்லை. ஹேமர்லியை விட்ட கையில் வெள்ளை ஒரே படலமாக மணிக்கட்டு வரை இருந்தது.

மொரினி அன்றே ஆட்டத்திலிருந்து விலகியது; பிஸ்டலின் குறையால் அல்ல. அதன் உரிமையாளர் பல ஆண்டுகளாகத் தமது கைக்கு ஏற்ப எம்-சீல் புட்டியை அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கைப்பிடியைத் தம் உள்ளங்கையின் அச்சாகவே மாற்றி வைத்திருந்தார். அவருக்கு அது பொன். வேறொருவர் கையில் அது எதையும் சொல்லாது. மாணவியின் விரல்கள் இன்னொருவரின் பள்ளங்களில் விழுந்து தடுமாறின. ஆற்காட்டுச் சிறுவனுக்கு நான் செய்தது இதே பிழை என்பது, புட்டி மேடுகளுக்கு நடுவே தடவிக்கொண்டிருந்த அந்த விரல்களைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. ஒருவர் செதுக்கிய கைப்பிடியைப் புதியவரிடம் ‘பிடித்துப் பார்’ என்று கொடுப்பது அன்பாகத் தோன்றினாலும், அதிலிருந்து வரும் எந்த விடையையும் நம்பக் கூடாது.

இரண்டாம் ஞாயிறு: வெள்ளைத் தாளில் நாற்பது ஷாட்

மீதி இரண்டு பிஸ்டல்களுக்கும் தலா நாற்பது ஷாட் என்று முடிவு செய்தோம். அட்டையைத் திருப்பி, கறுப்பு வட்டம் தெரியாமல், வெள்ளைப் பின்புறத்தை இலக்காக வைத்தோம். குறி வட்டம் இருந்தால் புதியவரின் கண் முன்சைட்டை விட்டு வட்டத்துக்கு ஓடும். பத்து விழுந்ததா எட்டு விழுந்ததா என்ற கணக்கும் மனதைக் கலைக்கும். வெறும் தாளில் கண்ணுக்குச் சைட்டைத் தவிர வேறு வேலை இல்லை. துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது மட்டுமே செய்தி. பத்து ஷாட்டுக்கு ஒரு அட்டை. ஒவ்வொன்றிலும் மிகத் தொலைவிலுள்ள இரு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்தோம்.

காலையில் ஸ்டெயர். முதல் அட்டை 58 மில்லிமீட்டர். கறுப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மில்லிமீட்டர் என்பதால், ஐந்து வாரப் பழக்கத்துக்கு இது நல்ல குரூப் (துளைக் கொத்து). தந்தை அந்த அட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதையே முடிச்சிடலாம் சார்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மனமும் அந்தப் பக்கமே சாய்ந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சுட்டவுடன் எழும் அதிர்வைத் தணிக்கும் அமைப்பு ஸ்டெயரில் உண்டு. அந்த மென்மை முதல் பத்து ஷாட்டில் எவரையும் மயக்கும். இரண்டாவது அட்டை 64. மூன்றாவது 83. நான்காவது 96, அதில் ஆறு துளைகள் இடப்புறம் கீழே ஒரு கொத்தாக இறங்கியிருந்தன. சுண்டுவிரல் பக்கம் பிடிமானம் இல்லாததால், களைப்பு ஏற ஏற மணிக்கட்டு தளர்ந்து முனை இறங்கியது. பிடி பெரிதானதால் சரியாக எட்டாத விரல் விசையை இடப்புறம் தள்ளியது. கையை விரித்துக் காட்டச் சொன்னேன். கட்டைவிரல் குழியில் தோல் சிவந்து கோடு விழுந்திருந்தது. பவுடர் ஒட்டிய அதே இடம்.

மதிய உணவுக்கும் நீண்ட ஓய்வுக்கும் பிறகு மாலையில் ஹேமர்லி. அட்டைகள் முறையே 71, 70, 76, 74. ஒன்றுகூட ஸ்டெயரின் முதல் அட்டைக்கு நிகரில்லை. ஆனால் நான்காவது அட்டையும் முதல் அட்டையைப் போலவே இருந்தது. அதுவும் காலையில் ஏற்கெனவே நாற்பது சுட்டுக் களைத்த கையில்.

இந்த எண்களை வைத்துத் தந்தையும் நானும் வெகுநேரம் பேசினோம். அவருடைய கேள்வி நியாயமானது: களைப்புதான் காரணம் என்றால், உடற்பயிற்சி செய்து தோளை வலுவாக்கினால் பெரிய பிஸ்டலே சரியாகிவிடாதா? தோள் வலுவாகும், உள்ளங்கை அகலமாகாது என்று சொன்னேன். எடையைப் பழக்கம் வெல்லும். பொருந்தாத பிடியைப் பழக்கம் வெல்லாது, அதற்கு ஈடாகத் தவறான இறுக்கம் ஒன்றைக் கற்றுக்கொள்ளும். பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் 2017 வரை நாற்பது ஷாட். அதன் பிறகு ஆண்களைப் போலவே அறுபது, 75 நிமிடத்தில். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். கடைசி இருபது ஷாட்டில் கை தளர்பவருக்கு முதல் இருபதின் அழகு உதவாது. ஆகவே, புதியவரைச் சோதிக்கும்போது முப்பதாவது ஷாட்டுக்குப் பிறகு நடப்பதைத்தான் நான் பிஸ்டலின் உண்மையான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறேன். கடையிலோ நண்பர் வீட்டிலோ ஐந்து ஷாட் சுட்டுப் பார்த்து வாங்குபவர்கள், பிஸ்டல் தன் குணத்தைக் காட்டுவதற்கு முன்பே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அவருக்கு என் சொல்லைவிட அவருடைய கையே நல்ல சான்றாக அமைந்தது. “நீங்களும் ஒரு பத்து சுட்டுப் பாருங்க சார்” என்று ஸ்டெயரைக் கொடுத்தேன். எடுத்தவுடன் இரண்டு கையும் போய்ச் சேர்ந்தன. விதிப்படி ஒற்றைக் கையில் பிடித்து, இடக்கையைக் கால்சட்டைப் பையில் விடச் சொன்னபோது, முதல் மூன்று ஷாட்டுக்கு முன்சைட் அவருக்கு நிற்கவே இல்லை. ஏழாவதில் கையை இறக்கிவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டார். மகள் பக்கத்துத் தடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்ளோ நேரம் எப்டி கண்ணு தூக்கின?” என்று கேட்டார்; அதன் பிறகு, பெரியதை வாங்கிவிடலாம் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு: வரிசையை மாற்றி, வெயிலில்

ஒரே நாள் அளவை வைத்து முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. காலையில் சுட்டது, மாலையில் சுட்டது என்ற வரிசையே வேறுபாட்டை உண்டாக்கியிருக்கலாம். ஆகவே அடுத்த ஞாயிறு ஹேமர்லியைக் காலையிலும் ஸ்டெயரைப் பிற்பகல் இரண்டு மணிக்கும் வைத்தோம். அப்போது சித்திரை. எங்கள் கூடத்தின் கூரை சிமெண்ட் ஷீட். வேலூர் வெயிலில் இரண்டு மணிக்கு அதன் கீழே நிற்பது எப்படி இருக்கும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேண்டுமென்றே அந்த நேரத்தைத் தேர்ந்தேன். வெயிலில் கை சற்று உப்பும், வியர்க்கும். குளிர்ந்த அறையில் பொருந்திய கைப்பிடி அப்போது வேறாக இருக்கும். ஆண்டில் பாதி நாள் இங்கே அப்படித்தான் பயிற்சி செய்ய வேண்டும்.

ஹேமர்லி: 68, 66, 70, 73. ஸ்டெயர்: 66, 75, 92, 104. நேர்மையாகச் சொன்னால், வெயிலின் பங்கையும் பிடியின் பங்கையும் இந்த எண்களிலிருந்து தனித்தனியே பிரிக்க முடியாது. அதற்காக, இடையில் ஓய்வு கொடுத்து ஹேமர்லியில் இன்னும் ஒரே ஒரு அட்டையை மூன்று மணி வெயிலில் சுடச் சொன்னேன். 77 வந்தது. கைக்கும் மரத்துக்கும் இடையே வியர்வை இருந்தபோதும் சரிவு அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

.22 பற்றிய தந்தையின் ஆசையையும் முழுமையாக ஒதுக்கிவிடவில்லை. இடையில் ஒரு நாள் சென்னையில் அறிமுகமான ஒரு மன்றத்தில், அவர்களுடைய உரிமத்தின் கீழ், அவர்களுடைய பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, 25 மீட்டர் தடத்தில் மாணவி சில ஷாட்டுகள் சுட்டார். அந்தப் பயிற்றுநர், மாணவிக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத பயிற்சித் தோட்டா ஒன்றைச் சேர்த்து வைத்தார். அது வந்தபோது வெடிச் சத்தம் இல்லை. ஆனால் பிஸ்டலின் முனை ஒரு விரற்கடை கீழே குத்தியது. சத்தத்தையும் உதைப்பையும் எதிர்பார்த்து மணிக்கட்டு முன்கூட்டியே இறங்குகிறது என்பதை மூவரும் கண்ணாலேயே பார்த்தோம். காற்றுத்துப்பாக்கியில் ஓராண்டாவது விசையைப் பழகிய பிறகு .22-ஐப் பற்றிப் பேசலாம் என்று மாணவியே சொன்னார்.

வாங்கிய விதம்

விற்பனைக்கு இருந்த அந்த ஹேமர்லியையே வாங்குவது என்று முடிவானது. புதியதன் விலையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்டார்கள். பயன்படுத்திய பிஸ்டல் என்பதால் இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். காற்றுச் சிலிண்டர் 200 பார் அழுத்தம் தாங்குவது. அதன் மேல் தேதி பொறித்திருக்கும், பொதுவாகப் பத்து ஆண்டு ஆயுள். காலம் கடந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போவதும் விதிமீறல், வீட்டில் வைத்து நிரப்புவதும் ஆபத்து. பிஸ்டல் பளபளவென்று இருக்கும். சிலிண்டரின் தேதியை யாரும் பார்ப்பதில்லை. இதில் பார்த்தபோது பதினான்கு மாதமே மிச்சம் இருந்தது. விற்றவர் நல்ல மனிதர். எடுத்துக் காட்டியதும் புதிய சிலிண்டருக்கான தொகையை விலையில் குறைத்துக்கொண்டார். காற்று நிரப்பும் இணைப்பு எங்கள் மன்றத்துப் பெரிய உருளையின் மரையோடு பொருந்துகிறதா என்பதையும் முன்பே பார்த்தோம். பொருந்தவில்லை, தனி அடாப்டர் வாங்க வேண்டியிருந்தது. வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதைத் தந்தையிடம் இருமுறை சொன்னேன்.

மிச்சப்பட்ட பணத்தில் இரண்டு செலவு செய்யச் சொன்னேன். ஒன்று, ஒரே தயாரிப்பில் தலை அளவு மட்டும் நூறில் ஒரு மில்லிமீட்டர் வேறுபடும் சில பெல்லட் டப்பாக்கள். எது அந்தக் குழலுக்கு நெருக்கமாக விழுகிறது என்று பார்ப்பதற்கு. இரண்டு, மூக்குக்கண்ணாடி. மாணவிக்குச் சிறிய அளவில் கிட்டப்பார்வை. தலையைத் திருப்பிச் சுடும்போது கண்ணாடியின் ஓரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். வேலூரிலேயே கண் மருத்துவரிடம் காட்டி, முன்சைட் இருக்கும் தூரத்தில் தெளிவு கிடைக்கும்படி வலக்கண்ணுக்கு மட்டும் அளவு மாற்றி, மையம் சரியாக விழும்படி ஒரு சட்டகம் செய்துகொண்டார்கள்.

வாங்கிய பின்

பிஸ்டல் கைக்கு வந்த முதல் இரண்டு வாரம் கைப்பிடியில் எதையும் தேய்க்கவோ ஒட்டவோ விடவில்லை. மூன்றாம் வாரத்தில் பவுடர் சோதனையை மறுபடி செய்தபோது மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் மட்டும் ஒரு மெல்லிய வெற்றிடம் தெரிந்தது. கடலை அளவு எம்-சீல் பிசைந்து அங்கே வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கையால் கால் மணி நேரம் பிடித்திருக்கச் சொல்லி, மறுநாள் உப்புத்தாளால் தேய்த்தோம். மணிக்கட்டைத் தாங்கும் விதத்தில் எதுவும் நீளக் கூடாது என்ற விதியையும் அப்போதே காட்டிக் கொடுத்தேன். ஆர்வத்தில் புட்டியை அதிகம் அப்பிவிட்டுக் கருவிச் சோதனையில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாவது வாரத்தில் முதன்முறையாக அறுபது ஷாட்டும் நேரக் கணக்கோடு சுட்டார். முதல் பத்தில் நூற்றுக்கு 82 புள்ளி, கடைசிப் பத்தில் 83. தந்தை பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கோடு போட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பழைய வெள்ளை அட்டைகள் எல்லாம் அதே குறிப்பேட்டுக்குள்தான் இருக்கின்றன. நடுவில், முப்பதிலிருந்து நாற்பது வரையில், மூன்று ஷாட் வலப்புறம் விலகின. புதிய கண்ணாடி வந்த பிறகு பின்சைட்டின் பிளவில் முன்சைட்டுக்கு இருபுறமும் தெரியும் வெளிச்சம் மிகக் குறுகித் தெரிவதாக மாணவி சொல்கிறார். வரும் ஞாயிறு பிளவை அரைக்கால் சுற்று அகலப்படுத்தி, திருப்பிய அட்டையில் மறுபடி நாற்பது சுட்டுப் பார்க்க இருக்கிறோம்.